பாலத்துக்கு இந்தப் பக்கம்

பஸ் டிப்போவில் டிரைவர் அண்ணனுக்கு விழுந்த பட்டப்பெயர் நிதானம். ஹாரன் அடிக்கவே மாட்டார். முன்னால் ஒரு கிழவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால், அவர் தானாக ஓரம் கட்டும்வரை பின்னாலேயே ஊர்ந்து போவார். கடைசி சீட்டிலிருந்து யாராவது, "டிரைவர், வண்டி ஓடுதா நிக்குதா?" என்று கத்தினால் கண்ணாடியில் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார். அவ்வளவுதான். அவர் வண்டியில் நான் கண்டக்டராக ஏறிய அன்று மற்றவர்கள் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். "போச்சு, இனிமே நீ வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான்" என்றார்கள். ஆனால் நாங்கள் சேர்ந்து ஓடிய வருடங்களில் ஒரு நாய்க்குட்டிகூட எங்கள் சக்கரத்தில் அடிபட்டதில்லை.

நான் குடியிருந்தது அவர் வீட்டு மாடியில். ஒரு அறை, ஒரு குழாய், தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் எதிரே பேக்கரியின் புகைக்கூண்டு. அந்தப் பேக்கரியில்தான் அவர் மனைவி மாவு பிசைந்து பன் உருட்டும் வேலை பார்த்தார். நான் அவரை அண்ணி என்பேன். விடிவதற்குள் வேலைக்குப் போய்விட்டு, வெயில் ஏறும் நேரத்துக்குப் புருவமெல்லாம் மாவோடு திரும்பி வருவார். பிள்ளைகள் இல்லை. கணவன், மனைவி, மாடியில் நான். மூன்று பேரும் ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிட்டு, ஆளுக்கொரு நேரத்தில் தூங்குகிற வீடு அது.

அந்த மழைக்காலத்தில் ஆறு கரையை முட்டிக்கொண்டு செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. காலை வண்டி, படிக்கட்டு வரை கூட்டம். பாலத்தில் பாதி தூரம் வந்திருப்போம். வண்டி மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றுவிட்டது. நான் விசில் கொடுக்கவில்லை. என்ஜின் கோளாறு என்று நினைத்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போனேன்.

அண்ணன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். நல்ல குளிர். அவர் தாடையிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, என்னாச்சு?"

"தம்பி, பாலம் சாயுதுடா."

"இல்லண்ணே. நேராத்தான் இருக்கு."

"தெரியும். சாயலன்னு எனக்கும் தெரியும். ஆனா சாயுது."

பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிய்த்தது. "பிரேக் பிடிச்சுக்கிச்சு" என்று பயணிகளிடம் ஒரு பொய்யைச் சொன்னேன். பின்னால் நின்ற லாரியின் டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். விவரம் தெரிந்த மனிதர், ஒரு வார்த்தை கேட்கவில்லை. லாரியைத் தன் கூட வந்தவரிடம் விட்டுவிட்டு எங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்து அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அண்ணனின் விரல்களை ஸ்டியரிங்கிலிருந்து ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தெடுத்தேன். அக்கரை வரும்வரை என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி என்ஜின் மூடியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வருவதுதான் பெரிய பாடாகிவிட்டது. பாலத்தில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தார். கடைசியில் அணைக்கட்டு ரோட்டைச் சுற்றி, அரை நாள் பயணமாக வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பாலத்தில் பிடித்த பயம் வீடு வரைக்கும் கூடவே வந்துவிட்டது. ஃபோன் மணி அடித்தால் திடுக்கிட்டு எழுந்து நிற்பார், எடுக்க மாட்டார். முடிவெட்டப் போனவர், கழுத்தில் துணியைக் கட்டியதும் பாதியில் எழுந்து வந்துவிட்டார். ஒரு பக்கம் வெட்டியும் ஒரு பக்கம் வெட்டாமலும் தெருவில் நடந்து வந்தார். மிச்சத்தை அண்ணிதான் கொல்லைப்புறத்தில் உட்காரவைத்து வெட்டிவிட்டார். கேஸ் அடுப்பை மூடினோமா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பார். அண்ணி, "மூடிட்டேங்க" என்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுவார். "மூடியிருக்குங்க, நீங்க உக்காருங்க." இப்படியே.

டிப்போவில் நீண்ட விடுப்பு கொடுத்தார்கள். அண்ணி அலட்டிக்கொள்ளவில்லை. மின்சார ஆபீசுக்குப் போவது, கடைகண்ணிக்குப் போவது, ஃபோன் பேசுவது, வீடு தேடி வருபவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர் தலையில் வந்து விழுந்தன. சலித்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டு நான் கேட்டதில்லை. பேச்சு மட்டும் குறைந்துபோனது. முன்பெல்லாம் பேக்கரியில் நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஓவன் பார்க்கிறவருக்கும் முதலாளிக்கும் நடக்கிற சண்டையை இரண்டு பேர் குரலிலும் நடித்துக் காட்டுவார். இப்போது தட்டு வைக்கிற சத்தம், குழாய் திறக்கிற சத்தம், அவ்வளவுதான் கீழேயிருந்து வரும்.

கிளினிக்கில் ஒரு இளம் டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். மூச்சை மூக்கால் மெதுவாக இழுத்து, வாயால் அதைவிட மெதுவாக ஊதி விடப் பழக்கினார். "பயந்த இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா போய்ப் பாருங்க. இன்னிக்கு ஒரு எட்டு, நாளைக்கு இன்னொரு எட்டு. ஓடிப் போகாதீங்க, ஓடியும் வராதீங்க" என்றார்.

நான் மதிய ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டு, காலையில் அவரோடு பாலத்துக்கு நடந்தேன். முதல் நாள் தூரத்தில் இருந்த டீக்கடையிலேயே நின்றுவிட்டார். பிறகு பாலத்தின் கைப்பிடிச் சுவர் தொடங்கும் இடம். பிறகு முதல் விளக்குக் கம்பம். தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நிற்பார். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகும்.

"என்னண்ணே தெரியுது?"

"கால் கூசுது. நெஞ்சு அடைக்குது. செத்துருவேன்னு தோணுது."

"திரும்பிடலாமா?"

"இரு. அது வந்துட்டுப் போகட்டும்."

உண்மையிலேயே அது வந்துவிட்டுப் போகும். கொஞ்ச நேரத்தில் அவர் முகத்துக்கு நிறம் திரும்பும். "போயிருச்சு" என்பார், ஏதோ வண்டி கடந்து போனதைச் சொல்வதுபோல. ஒவ்வொரு கம்பமாக முன்னேறினோம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இன்னும் கொஞ்ச நாளில் பழைய நிதானத்தை சீட்டில் உட்காரவைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் மதிய வண்டியில் அண்ணி ஏறினார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. மதிய ஷிஃப்டில் நான் வேறு வண்டியில் இருப்பேன் என்று நினைத்திருக்கிறார்.

"எங்க அண்ணி?"

"ஆஸ்பத்திரி ஸ்டாப்."

"யாரைப் பார்க்க?"

டிக்கெட்டை வாங்கி இரண்டாக, நான்காக மடித்தார். பாலம் முடியும்வரை ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்குவதற்கு முன்னால் என் பக்கம் சாய்ந்து, "அக்குள்கிட்ட ஒரு கட்டி தம்பி. ட்ரே தூக்கும்போது இழுக்குது. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க. அவர்கிட்ட மூச்சு விடாத. இப்பதான் பாலத்துல கொஞ்சம் நடக்கிறாரு" என்றார்.

"தனியாவா வந்துக்கிட்டிருக்கீங்க?"

"பின்ன, யாரைக் கூட்டிட்டு வர?"

பதில் சொல்வதற்குள் இறங்கிவிட்டார். வண்டி நகர்ந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நனைந்த கூட்டத்துக்குள் அவர் குடையை மடக்கிக்கொண்டு நுழைவதைப் பார்த்தேன். பேக்கரியிலிருந்து நேராக வந்திருப்பார் போல. முதுகில் மாவுக் கை பட்ட தடம் அப்பியிருந்தது.

வாயைக் கட்டிக்கொண்டு சில நாட்கள் ஓட்டினேன். அவர் கண்ணைப் பார்த்துப் பேச முடியவில்லை. அதற்கும் ஒரு முடிவு வந்தது. அன்று பாலத்திலிருந்து திரும்பி, கீழே அவர் வீட்டில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தோம். அலமாரி மேல் சார்ஜில் போட்டிருந்த ஃபோன் அடித்தது. அண்ணியின் ஃபோன், மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அண்ணன் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"அவ ஃபோன்டா. நீ எடு."

எடுத்தேன். ஒரு பெண் குரல், தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது. ரிசல்ட் வந்துவிட்டதாம். நாளை மறுநாள் டாக்டரைப் பார்க்க வேண்டுமாம். தனியாக வர வேண்டாம், வீட்டு ஆள் ஒருவர் கட்டாயம் கூட வர வேண்டுமாம்.

"யாருடா?"

பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. "ஆஸ்பத்திரியிலிருந்துண்ணே" என்றேன். மிச்சத்தையும் சொன்னேன்.

அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்தார். பாலத்தில் வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும்படி அவர் உடம்பு உதறியது. தண்ணீர் கொடுத்தேன், பல்லில் டம்ளர் இடித்து நெஞ்செல்லாம் சிந்தியது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் அவரோடு சேர்ந்து மூச்சை இழுத்து ஊதிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணி வந்தபோது இருவரும் தரையில்தான் இருந்தோம். அவர் பார்வை முதலில் அண்ணன் மேல் விழுந்தது, பிறகு ஃபோன் மேல். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். நான் எழுந்தேன்.

"இரு தம்பி. உனக்குத் தெரியாதது என்ன இருக்கு" என்றார்.

அண்ணன் கேட்டார். "ஏன் சொல்லல?"

"சொன்னா?"

"சொன்னாவா? நான் உன் புருஷன்தானே?"

"சொன்னா என்ன நடக்கும்னு நீங்களே சொல்லுங்க. நான் எனக்குப் பயப்படுறத விட்டுட்டு உங்களுக்குத் தண்ணி எடுத்துட்டு வரணும். நெஞ்சைத் தடவி விடணும். ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். இப்ப பாருங்க, சட்டையெல்லாம் தண்ணி."

அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார்.

"இந்த வீட்ல பயப்படுறதுக்கு ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்குங்க. அதுல நீங்க உக்காந்திருக்கீங்க. நான் நின்னுக்கிட்டே வர்றேன்."

கோபமாகச் சொல்லவில்லை. நேற்று மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தார். வலது கையை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு இடது கையால் களைந்தார். எத்தனை நாளாக அப்படிச் செய்கிறாரோ. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வழக்கம்போலக் குடையோடு இறங்கி வந்தேன். அவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். தூங்கிய முகமாகத் தெரியவில்லை.

"இன்னிக்குப் பாலம் வேணாம் தம்பி."

"ஏண்ணே? பாதி வரைக்கும் வந்துட்டோமே. இன்னும் கொஞ்சம்தான்."

"தாண்டிட்டா என்ன கிடைக்கும்? ஸ்டியரிங் கிடைக்கும். நிதானம் திரும்ப வந்துட்டான்னு நாலு பேரு சொல்லுவாங்க. வேணும்தான் எனக்கு, வேணாம்னு சொல்லல." கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார். "ஆனா ஒரே நேரத்துல ரெண்டு பயத்தோட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லடா. ஃபோனுக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், கேசுக்குப் பயம், பாலத்துக்குப் பயம். இதெல்லாம் இருந்துட்டுப் போகட்டும். இதுல யாருக்கும் நஷ்டமில்ல, எனக்குத்தான். எங்கம்மா ஆஸ்பத்திரில கிடந்தப்ப நான் கேட்டுக்கு வெளியவே நின்னேன். உள்ள போகல. எல்லாரும் வந்து எனக்கு ஆறுதல் சொன்னாங்க. இவளையும் அப்படி விட்டுட்டேன்னா, அப்புறம் நான் எந்தப் பாலத்தைத் தாண்டி என்ன?"

உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. அன்று வேலைக்குப் போகவில்லை போலிருக்கிறது. "நீங்க வர வேணாங்க. நான் தம்பியோட போயிட்டு வந்துர்றேன். என் தம்பின்னு சொல்லிக்கிறேன். பாலத்து வழியா போனா மதியத்துக்குள்ள திரும்பிடலாம்."

"அணைக்கட்டு ரோட்டுல போவோம்."

"மூணு பஸ் மாறணும்."

"மாறுவோம்."

"உங்களுக்கு அந்த வாடையே ஆகாது."

"ஆகாதுதான்."

அண்ணி வெளியே வந்து அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "அங்க வந்து விழுந்தீங்கன்னா என்னால தூக்க முடியாது. கை வராது."

"விழுந்தா தம்பி தூக்குவான். நீ டாக்டரைப் பாரு."

அடுத்த நாள் இருள் பிரியும் முன்பே கிளம்பினோம். நானும் விடுப்பு போட்டிருந்தேன். அண்ணி அவித்த முட்டையும் ரொட்டியும் கட்டி எடுத்துக்கொண்டார். முதல் பஸ்ஸில் ஜன்னல் ரப்பர் பிய்ந்து மழை உள்ளே ஒழுகியது. அந்தப் பக்கம் அண்ணன் உட்கார்ந்துகொண்டார். வளைவு வரும்போதெல்லாம் அவர் வலது கால் தரையை அழுத்தியது, இல்லாத பிரேக்கை. "இவன் கியரைக் கொல்றான்" என்று முணுமுணுத்தார். அண்ணி லேசாகச் சிரித்தார். ரொம்ப நாளைக்கப்புறம் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். அணைக்கட்டு ரோடு அகலமானது, இரண்டு பக்கமும் மண்மேடு, மரம். தண்ணீர் தூரத்தில்தான் தெரியும். அங்கேயும் அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார். அண்ணி, "முடிஞ்சிருச்சு, திறங்க" என்று சொன்ன பிறகுதான் திறந்தார்.

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் முன்னால் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். அவர் படிக்கட்டைத் தேடிப் போனார். அண்ணியும் பேசாமல் அவர் பின்னால் ஏறினார். மேலே போய்ச் சேர்ந்தபோது மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது. மருந்து வாடை, ஈரத்துணி வாடை, அழுகிற ஒரு குழந்தை. அவர் முகம் வெளிறிக்கொண்டே வந்தது. பெயர் கூப்பிடுவதற்கு முன்னால் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"நான் வெளிய ஓடி வந்துட்டேன்னா, என்னைத் திரும்ப உள்ள பிடிச்சுத் தள்ளிடு. தயவு தாட்சண்யம் பார்க்காத."

"சரிண்ணே."

இருவரும் உள்ளே போனார்கள். நான் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். ஜன்னலில் மழை அடிக்கிற சத்தம். சற்று நேரத்தில் கதவு திறந்தது. அண்ணன்தான். நேராகக் குடிதண்ணீர்க் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார்.

"சொல்லிட்டாங்களாண்ணே?"

"இன்னும் இல்ல. ஃபைலைப் பிரிச்சாங்க. உள்ள காத்தே இல்லடா."

தள்ளச் சொல்லியிருந்தார். அவர் முதுகில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் குழாயைப் பிடித்துக்கொண்டு மூக்கால் இழுத்தார், வாயால் ஊதினார். இழுத்தார், ஊதினார். பக்கத்தில் பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வந்த ஒரு அம்மா, "என்னப்பா, தலை சுத்துதா?" என்று கேட்டார். "இல்லம்மா, பயம்" என்றார் அவர். அப்படி வெளிப்படையாக அந்த வார்த்தையை அந்நியர் ஒருவரிடம் அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா பாட்டிலை மூடிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அண்ணன் தானாகவே உள்ளே போனார். கதவை முழுக்க மூடவில்லை, ஒரு சாண் விட்டுவைத்தார். அதனால் எனக்கும் காதில் விழுந்தது.

டாக்டர் நரைத்த தலைப் பெண்மணி. சுற்றி வளைக்காமல் சொன்னார். அது மார்போரத்தில் வந்த கெட்ட கட்டிதான், புற்று. ஒரு பக்க மார்பை எடுக்க வேண்டியிருக்கும். அதற்கப்புறம் ஊசி மருந்து, அது உடம்பைப் போட்டுப் புரட்டும், தலைமுடி கொட்டும்.

பிறகு அண்ணன் கேட்டார். குரல் நடுங்கியது, ஆனாலும் முழுசாகக் கேட்டார்.

"இவ செத்துருவாளா டாக்டர்?"

அண்ணி மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. இத்தனை நாளும் அவர் தனியாகச் சுமந்துகொண்டு திரிந்த கேள்வி அதுதானே. பஸ்ஸில், பேக்கரியில், அரிசி களையும்போது.

"இல்லன்னு சத்தியம் பண்ணிக் கொடுக்க என்னால முடியாது. ஆனா முத்தறதுக்கு முன்னாடி வந்துட்டாங்க. பிழைச்சுக்கிற வாய்ப்புதான் அதிகம். அதை நம்பித்தான் நான் கத்தியை எடுக்கிறேன்" என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு அண்ணன் நிறுத்தவே இல்லை. என்ன சாப்பாடு கொடுக்கலாம், காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, வார்டில் கூட இருக்க விடுவார்களா. அண்ணி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கையைத் தூக்க முடியுமா டாக்டர்? மாவு பிசையணும்."

"பழக்கணும். மெதுவா வந்துரும்."

கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அண்ணி பன்னைப் பிய்த்து மூக்கருகே கொண்டுபோனார். "நேத்து மாவு. அதுவும் சரியா பொங்கறதுக்குள்ள ஓவன்ல தள்ளியிருக்கான், அவசரக்குடுக்கை" என்றார். அண்ணன் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை. அண்ணி அவரை "அழாதீங்க" என்றும் சொல்லவில்லை. மீதிப் பன்னை அவர் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே வாரம் டிப்போ மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். விடுப்பு முடிகிறது, வண்டி எடுக்கிறாரா இல்லையா என்று தெரிய வேண்டும். அண்ணன் நின்றபடியே சொன்னார். "என்னால பாலம் ஏற முடியாதுங்க. இப்பக் கொஞ்ச நாளைக்கு முயற்சி பண்ணவும் முடியாது. ஷெட்டுல ஏதாவது வேலை கொடுங்க." மேனேஜர் யோசித்துவிட்டு அவரை ஷெட்டில் போட்டார். காலையில் வண்டிகளைக் கிளப்பி ஓடவிட்டு, காற்றும் தண்ணீரும் பார்த்து, கழுவுகிற இடத்துக்கும் டீசல் போடுகிற இடத்துக்கும் நகர்த்தி வைக்கிற வேலை. வாசல் கேட்டைத் தாண்டாத டிரைவர். "நிதானம், இப்ப எந்த ரூட்டு?" என்று சில பேர் சிரித்தார்கள். "டீசல் பம்ப் டு தண்ணித் தொட்டி. ஏறிக்கோ, டிக்கெட் வேணாம்" என்பார். ஆனால் எங்கள் பழைய வண்டி புது டிரைவரோடு கேட்டைத் தாண்டும்போது, கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே அது வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். அதை நான் பின்படிக்கட்டிலிருந்து தினமும் பார்த்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம். துவைத்த சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் என்னவென்று புரியவில்லை. அண்ணி அழுதுகொண்டிருந்தார். வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை இல்லை, சின்னப் பிள்ளைகள் விழுந்து எழுந்ததும் அழுகிற மாதிரி, தொண்டையைத் திறந்து. "எனக்குப் பயமா இருக்குங்க. எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

இறங்கிப் போகலாமா என்று படிக்கட்டு வரை வந்துவிட்டேன். அண்ணனின் குரல் கேட்டது. "ம். எனக்கும்தான். நீ சொல்லு." ஒன்றுமில்லை என்று அவர் சொல்லவில்லை. சரியாயிரும் என்றும் சொல்லவில்லை. "சொல்லு, சொல்லு" என்றுதான் கேட்டது. படியில் உட்கார்ந்திருந்துவிட்டு என் அறைக்குத் திரும்பினேன். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வார்டில் அண்ணன் பெஞ்சில் படுத்துக் கிடந்தார். இரண்டு தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நர்சிடம் போய் நின்று, அவருக்கே ரத்த அழுத்தம் பார்க்கவேண்டியதாயிற்று. ஆனால் கேட்டுக்கு வெளியே போகவில்லை. பிறகு ஊசி மருந்துக்கு மாதக்கணக்கில் அலைந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அணைக்கட்டு ரோடு, மூன்று பஸ். தெருவில் சில பேர், "பத்து நிமிஷப் பாலத்தை விட்டுட்டு நோயாளியை இப்படி ஊரைச் சுத்தி இழுத்துட்டுப் போறானே" என்று பேசினார்கள். அது நியாயமான பேச்சுதான். ஒரு தடவை வாந்தி நிற்காமல் அண்ணி துவண்டபோது அண்ணனே என்னிடம் சொன்னார். "இன்னிக்கு நீ பாலத்து வழியா இவளைக் கூட்டிட்டுப் போயிரு. நான் சுத்தி வந்து சேர்ந்துக்கிறேன்." அப்படியே செய்தோம். நாங்கள் போய் வெகுநேரம் கழித்து அவர் நனைந்து வந்து சேர்ந்தார். அண்ணி கண்ணைத் திறந்து, "வந்துட்டீங்களா" என்றார்.

முடி திரும்ப முளைத்தது, முன்பைவிடச் சுருட்டையாக. மழை போய், வெயில் வந்து, மறுபடி மழை வந்தது. அண்ணி பேக்கரிக்குப் போகத் தொடங்கினார். பிசைவதில்லை, உருட்டுவது மட்டும். ஓவன்காரர் சண்டையை மறுபடியும் இரண்டு குரலில் நடித்துக் காட்டினார். அண்ணன் இன்றுவரை பாலம் ஏறவில்லை. ஃபோனை மட்டும் எடுக்கப் பழகிக்கொண்டார், ஆஸ்பத்திரியிலிருந்து வரலாம் என்பதால்.

ஒரு சாயங்காலம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அண்ணிக்கு அடுத்த வாரம் பரிசோதனை. "இப்பவே வயித்தைக் கலக்குது" என்று சாதாரணமாகச் சொன்னார். "எனக்கு நேத்தே ஆரம்பிச்சிருச்சு" என்றார் அண்ணன். இருவரும் வானிலை பேசுவதுபோல அதைப் பேசிக்கொண்டார்கள். பிறகு அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எதுக்குத் தம்பி பயம்? நீ ஒண்ணுமே சொல்றதில்லையே."

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஷிஃப்ட் முடிச்சு வந்து, யாருமில்லாத அந்த ரூம் கதவைத் திறக்கிறதுக்கு" என்றேன்.

சொல்லிவிட்டு, சோற்றை அவசரமாக அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. அண்ணி டம்ளரில் தண்ணீர் ஊற்றி என் பக்கம் வைத்தார். இன்னொரு கரண்டி சோறு போட்டார், வேண்டாம் என்று கை காட்டியும் கேட்காமல்.

"மெதுவா சாப்பிடு" என்றார் அண்ணன். "இப்ப என்ன அவசரம்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் மெதுவாகச் சாப்பிட்டேன்.